வைரஸுக்கு உயிர் உண்டா? சோப்பு எதை அழிக்கிறது?

கேள்வி: வைரஸுக்கு உயிர் இல்லை என்றால் சோப்பு எதைக் கொல்கிறது? உயிர் உண்டு என்றால் ஆன்டிபயாடிக்குக்கு ஏன் அடங்குவதில்லை? தேர்வில் கேட்டால் எப்படி எழுதுவது?

பதில்: முதலில், செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ் துகளைப் பாருங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் 300 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி. ஒரே புரதத்தின் 2,130 பிரதிகள், உள்ளே சுருண்ட ஓர் ஆர்என்ஏ இழை, அவ்வளவுதான். சுவாசம், உணவு, கழிவு, வளர்ச்சி எதுவும் கிடையாது. 1935இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டல் ஸ்டான்லி இதைப் படிகமாக்கினார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தபோது செடிக்கு நோய் வந்தது. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இனப்பெருக்கம். ‘வைரஸ் இரண்டாகப் பிரிந்து பெருகும்’ என்று எழுதிவிடுகிறார்கள். வைரஸ் பிரிவதே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி4 ஃபேஜின் டிஎன்ஏ உள்ளே போகும், புரதக் கூடு வெளியிலேயே நின்றுவிடும். அதன்பின் முதல் பத்து நிமிடங்களுக்குள் அந்த பாக்டீரியாவை உடைத்துப் பார்த்தால் முழு வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்காது. தலை, வால், வால் இழைகள் எல்லாம் தனித்தனியாக உருவாகி, பிறகு ஒன்றுசேர்கின்றன. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஃபேஜ்கள் வெளியேறும்.

விடையில் உயிருள்ள பண்புகளாக மரபுப்பொருள், ஓம்புயிர் (தான் தொற்றும் உயிர்) செல்லுக்குள் பெருகுதல், திடீர்மாற்றம், பரிணாமம் ஆகியவற்றை எழுதுங்கள். உயிரற்ற பண்புகளாக, செல் அமைப்பு இல்லாமை, ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) இல்லாமை, தானே ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) தயாரிக்க இயலாமை, படிகமாகும் தன்மை. ‘தனியாகப் பெருக முடியாது, அதனால் உயிரில்லை’ என்று மட்டும் எழுதினால் வாதம் நிற்காது. கிளமிடியா பாக்டீரியாவும் பிற செல்லுக்குள்தான் பெருகும். ஆனால் அதற்குச் சொந்த ரைபோசோம் உண்டு, அது பிரிந்தே பெருகுகிறது. 2003இல் அறிவிக்கப்பட்ட மிமிவைரஸ் என்ற பெரிய வைரஸின் மரபணுத்தொகுதியில் சுமார் 12 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் ‘எழுத்து’ இணைகள்) இருக்கின்றன, சில பாக்டீரியாக்களைவிட அதிகம். அதற்கும் ரைபோசோம் இல்லை. என் கணிப்பில், உயிருள்ளது, உயிரற்றது என்று கோடு போடுவதானால் ரைபோசோம் உண்டா இல்லையா என்பதில்தான் போட வேண்டும்.

சோப்பு விஷயத்துக்கு வருவோம். ஃப்ளூ, கொரோனா வைரஸ்களைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்ததும் துகள் சிதைந்து, செல்லில் ஒட்டும் திறனை இழக்கும். குறைந்தது 60% ஆல்கஹால் உள்ள சானிடைசரும் இதையே செய்யும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் சானிடைசரை நம்ப முடியாது. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால் அது கையிலிருந்து போய்விடும். இங்கே வேலை செய்வது தேய்ப்பும் தண்ணீரும்தான்.

இனி ஆன்டிபயாடிக். பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கும், டெட்ராசைக்ளின் அதன் ரைபோசோமை முடக்கும். வைரஸில் இரண்டுமே இல்லை. அது பயன்படுத்துவது நம் செல்லின் ரைபோசோம். அதனால் வைரஸ் தடுப்பு மருந்துகள் பலவற்றுக்கு வைரஸின் சொந்த நொதிதான் இலக்கு. கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் ஒரு நொதிதான் அதற்கான மருந்தான அசைக்ளோவிரைச் செயல்பட வைக்கிறது. ஆகவே தொற்றிய செல்களில்தான் அது பெரும்பாலும் வேலை செய்யும். நரம்புச் செல்லில் பெருகாமல் பதுங்கியிருக்கும் ஹெர்பிஸ் டிஎன்ஏவை அது தொடுவதில்லை, கொப்புளம் ஆறிய பிறகும் மீண்டும் வருவது அதனால்தான்.