அம்மாவுக்கு வலி குறைந்தது நிஜமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நாலு வருஷமாக இடுப்பு வலி. அக்குபஞ்சர் ஊசி போட்டுக்கொள்ள எட்டு முறை போய்விட்டார். "இப்போதான் குனிஞ்சு வாசல் தெளிக்க முடியுது" என்று பூரிக்கிறார். என் தம்பியோ, "எல்லாம் பிரமை, காசுக்குக் கேடு" என்று சண்டை போடுகிறான். யார் சொல்வது சரி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வலி குறைந்தது பொய்யில்லை. முதலில் இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். அம்மா குனிந்து வாசல் தெளிக்கிறார் என்பதைவிட நல்ல ரிப்போர்ட் எந்த ஸ்கேனிலும் எனக்குக் கிடைக்காது.

எதனால் குறைந்தது என்பது வேறு விஷயம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் பிரிவுக்கு அக்குபஞ்சர் சொல்லும் உடல் புள்ளிகளைப் பார்த்து முறைப்படி ஊசி. இரண்டாவதுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவதுக்கு வழக்கமான மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து நன்றாகத் தேறியவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 48 பேர், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 27.

அந்த 27 என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நான் 22 வருஷமாக பிசியோதெரபிஸ்ட். அது எங்கள் பக்கத்து எண். அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கிடைத்தது, அதுவும் பத்து முறை. நான் முன்பு வேலை பார்த்த ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவதே பாடு. புள்ளி தவறினாலும் பலன் பெரிதாகக் குறையவில்லை என்றால், பக்கத்தில் ஒருவர் இருந்து கவனித்ததற்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "வலியால எந்த வேலையை விட்டீங்க?" என்பதைத்தான்.

ஆகவே அம்மா தொடரட்டும். புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள். பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள்.

திருப்தியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. என்னிடம் வந்த ஒரு தையல்காரப் பெண்மணிக்குக் காலையில் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்காது, மூட்டெல்லாம் வீக்கம். எட்டு மாதம் தொடுசிகிச்சை, அதாவது ஊசியில்லாமல் விரலால் புள்ளியைத் தொடும் அக்குபஞ்சர் எடுத்து, "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்லிவந்தார். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. வந்திருந்தது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு முடக்குவாதம். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி, வலி தணிந்திருக்கும் இந்த நாட்களிலேயே தினமும் இருபது நிமிஷம் நடக்க வையுங்கள். தம்பியையே துணைக்கு அனுப்புங்கள்.