ராணுவ ஃபுட்பால் டீமில் மகனைச் சேர்க்கலாமா? ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

அன்புள்ள அக்கா,

போன வாரம் உங்கள் மகனை, நம் தம்பியை, கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. "மிலிட்டரி டீம்ல ஆடுறது வேலையா, விளையாட்டா?" என்று கேட்டீர்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. மீதிப் பதிலை எழுதி அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் கடலிலிருந்து கரைக்கு வந்ததும் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அது வேலைதான் அக்கா. ராணுவ வீரன் வேலை. நன்றாக ஆடுகிறவரை அந்த வேலைக்குள் ஃபுட்பாலுக்கு இடம் கொடுப்பார்கள். தம்பி இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறான். பெரிய கிளப் ஒன்றில் கையெழுத்துப் போடுவதைப் போல நினைக்கிறான்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அவன் போனில் காட்டிய வீடியோவைப் பார்த்ததும் புரிந்தது. அது தென்கொரியாவின் கிம்சியோன் சாங்மு அணி. அதை நடத்துவது அந்த நாட்டு ராணுவம், ஆடுவது நாட்டின் முதல்நிலை லீக்கில், எல்லாம் உண்மை. 2024-ல் அந்த லீக்கில் மூன்றாம் இடமே பிடித்தார்கள். ஆனால் அங்கே ஆண்கள் எல்லோரும் கட்டாய ராணுவ சேவை செய்தாக வேண்டும். ஏற்கெனவே பெரிய கிளப்புகளில் ஆடிக்கொண்டிருப்பவர்கள், சேவை செய்யும் சுமார் ஒன்றரை வருடமும் ஆட்டம் விட்டுப்போகக் கூடாது என்று இந்த அணிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்கப் படைவீரன் சம்பளம்தான். முடிந்ததும் பழைய கிளப்புக்கே திரும்பிவிடுவார்கள். 2022 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தாரே சோ கியூ-சங், அவரும் அப்படி அங்கே இருந்து வந்தவர்தான். முதலில் ஆட்டக்காரர், நடுவில் கொஞ்ச காலம் ராணுவம்.

நம் ஊரில் முதலில் ராணுவம், அதற்குள் ஆட்டம். இந்திய ராணுவ அணி, நாட்டின் பெரிய கிளப் போட்டிகளான ஐ.எஸ்.எல்.லிலோ ஐ-லீக்கிலோ ஆடுவதில்லை. ஒரு பையன் சேர்ந்தால் முதலில் அவனுடைய ரெஜிமென்ட் சென்டரின், அதாவது படைப்பிரிவுப் பயிற்சி மையத்தின், அணியில் ஆடுவான். நன்றாக ஆடினால் பல படைப்பிரிவுகள் சேர்ந்த கமாண்ட் அணி, அதற்கு மேல் ராணுவ அணி. முப்படையிலும் சிறந்தவர்களைச் சேர்த்தால் அது சர்வீசஸ் அணி, மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியில் ஆடுவது அதுதான். 2023-24 சந்தோஷ் டிராபியில் அருணாசலப் பிரதேசத்தின் யூபியாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவை 1-0 என்று வென்று ஏழாவது முறையாகக் கோப்பையை வாங்கினார்கள். டூராண்ட் கோப்பை என்ற பழைய ஃபுட்பால் போட்டியில் ராணுவ அணி ஐ.எஸ்.எல். கிளப்புகளோடும் மோதுகிறது. 2023, 2024 இரண்டு வருடமும் காலிறுதி வரை வந்தது. ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் சென்டர் 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்ற அணி. அந்த இரண்டு முறையும் கோல்கீப்பராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் கோல் கம்பத்துக்கு நடுவே வந்தார். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. ராணுவத்தை விட்டு வந்த பிறகு கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். அவனும் கோல்கீப்பர் என்பதால் இந்தக் கதை அவனுக்குப் பிடிக்கும்.

ஆனால் தங்கராஜ் சேர்ந்த காலத்து ராணுவ வேலையும் இன்றைய வேலையும் ஒன்றில்லை. அக்கா, இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். எந்த டீம், எந்தக் கோச் என்பதைவிட, அவன் எந்த வழியில் உள்ளே போகிறான் என்பதுதான் அவன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

ஒரு வழி, சிப்பாய்க்கு மேலான ஹவில்தார் அல்லது நாயிப் சுபேதார் பதவியில் நேரடியாகச் சேர்வது. பெரிய சாதனை செய்த ஆட்டக்காரர்களுக்கானது. ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ரா 2016-ல் ராஜ்புதானா ரைபிள்ஸில் நாயிப் சுபேதாராகச் சேர்ந்தது இப்படித்தான். அதற்குத் தேசிய அளவில் பதக்கமோ சர்வதேச அளவில் ஆடிய அனுபவமோ வேண்டும். இந்த வழியில் போனால் முழு சர்வீஸ் உண்டு. 15 வருடம் முடித்தால் பென்ஷனும் உண்டு. 35 வயதில் முழங்கால் ஒத்துழைக்காமல் போனாலும் வேலை அவனை விட்டுப் போகாது. இந்தியாவில் ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு இதற்கு மேல் பாதுகாப்பான இடம் மிகக் குறைவு.

இன்னொரு வழி அக்னிவீர். ரெஜிமென்ட் சென்டர்களில் நடக்கும் ஆள்சேர்ப்பு முகாம்களுக்கு முன்னால், ஸ்போர்ட்ஸ்மேன்களுக்கென்று தனியாக ட்ரயல்ஸ் வைப்பார்கள். தம்பியின் கோச் சொன்னது இதைத்தான். 2022 முதல் சிப்பாயாகச் சேர்கிறவர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். 4 வருட வேலை. முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்பார்கள், கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், அரசும் அதே அளவு போடும். நான்காம் வருடம் 40,000, கைக்கு 28,000. முடித்து வெளியே வரும்போது மொத்தமாகப் 10 லட்சத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒன்றாகச் சேர்ந்த ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது.

அப்படியானால் தம்பி சுமார் 22 வயதில் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். கையில் ஒரு தொகை, உடம்பில் நல்ல பயிற்சி, ஆனால் வேலை இல்லை. அதற்காக இந்த வழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 22 வயது பெரிய வயதில்லை. ஆனால் "மிலிட்டரியில் சேர்ந்தாச்சு, இனி கவலை இல்லை" என்று நினைத்து நீங்கள் வீட்டுக் கடனையோ மூத்தவள் கல்யாணத்தையோ அவன் சம்பளத்தின் மேல் கட்டிவிடக் கூடாது. அன்று பேச்சுவாக்கில் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்று அவன் கையில் இருப்பது கன்னியாகுமரி மாவட்ட அணிக்கு ஆடிய சான்றிதழ்கள். அவற்றை வைத்து ஹவில்தார் வழி திறக்காது. 17 வயதும் 6 மாதமும் ஆன பிறகுதான் எந்த வழியிலும் சேர முடியும். அவனுக்கு இப்போது 16 வயது 8 மாதம். பத்து மாதம் இருக்கிறது. இந்தப் பத்து மாதத்தில் அவன் தமிழ்நாடு அணிக்குள் போக வேண்டும். பள்ளிகளுக்கான 19 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டியாக இருந்தாலும் சரி, ஃபுட்பால் சங்கம் நடத்தும் ஜூனியர் தேசியப் போட்டியாக இருந்தாலும் சரி, மாநில ஜெர்சி போட்ட ஒரு சான்றிதழ் வந்துவிட்டால் அவன் நிற்கும் வரிசையே மாறிவிடும். அந்த அணி பதக்கமும் வாங்கினால் முதல் வழியையே கேட்டுப் பார்க்கலாம்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு பையன் பட்ட அடியைச் சொல்கிறேன். என்னிடம் வந்தவன்தான், அருமையான லெஃப்ட் பேக். ட்ரயல்ஸுக்கு விடிகாலையில் போய் நின்றான். அவன் கொண்டுபோன சான்றிதழ் மூன்று வருடம் பழையது. இரண்டு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பந்தைத் தொடக்கூட விடவில்லை. நான் முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதனால் தம்பியின் ஒவ்வொரு சான்றிதழிலும் தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருப்பது வழக்கம். அது அங்கே பெரிய தலைவலியாகிவிடும்.

உடல் தகுதி பற்றியும் கொஞ்சம். நம் தெற்குப் பகுதிக்கு உயரம் 166 செ.மீ., விளையாட்டு வீரர்களுக்கு அதில் 2 செ.மீ. சலுகை உண்டு. தம்பி நல்ல உயரம், பிரச்சினை இல்லை. தட்டைப் பாதமோ, நிற்கும்போது முழங்கால்கள் ஒட்டிக்கொள்வதோ இருந்தால் மெடிக்கலில் விட்டுவிடுவார்கள். ஆட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது அங்கே கணக்கில் வராது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், மெஸ்ஸி மாதிரி பச்சை குத்தப் போகிறேன் என்று உங்களிடம் சண்டை போட்டானாமே. முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள். இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கேட்பான்.

"மூணு லட்சம் கொடுத்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் முன்னாள் ராணுவத்தினராக இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி. ராணுவத்தில் சேரப் பணம் கட்ட வேண்டியதே இல்லை. உங்கள் தாலிச் சங்கிலியை அடகு வைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

எல்லைக்கு அனுப்புவார்களா என்பது உங்கள் அடுத்த பயம். அன்று அதைக் கேட்கும்போது உங்கள் குரல் தணிந்துவிட்டது. 2017 ஓகிப் புயலில் அண்ணனின் வள்ளம் எத்தனை நாள் கழித்துத் திரும்பியது என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று வளர்த்த பிள்ளையைத் துப்பாக்கியோடு அனுப்புவதா என்கிறீர்கள். உங்களிடம் பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு மனம் இல்லை. அணியில் ஆடும்வரை பெரும்பாலும் பயிற்சி மையத்தைச் சுற்றித்தான் இருப்பான். ஆனால் அவன் போடும் சத்தியம் ஆட்டக்காரனின் சத்தியம் இல்லை, படைவீரனின் சத்தியம். கூப்பிட்டால் போக வேண்டும். ஃபார்ம் போய் அணியிலிருந்து எடுத்துவிட்டால் மற்றவர்களைப் போல யூனிட்டுக்குப் போக வேண்டும். அவனை உட்கார வைத்துக் கேளுங்கள்: "ஃபுட்பாலே இல்லைன்னாலும் இந்த வேலை உனக்குச் சம்மதமா?" அவசரப்படுத்தாமல் இரண்டு நாள் விட்டுப் பதில் வாங்குங்கள். சம்மதம் என்றால் நானும் அவன் பக்கம் நிற்கிறேன். தயங்கினால் ட்ரயல்ஸுக்கு அனுப்ப வேண்டாம்.

அவன் தயங்கினால் வேறு என்ன என்று கேட்பீர்கள். கிளப் ஆட்டம் அழகான கனவுதான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக்கிலும் ஐ.எஸ்.எல்.லிலும் ஆடி உங்கள் கரைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் போனது. அவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கே அப்படி. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லையே நிறுத்திவைத்தபோது சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்தின. அதனால் கிளப்பை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். சென்னையின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற இடங்களில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழும் படிப்பும்தான் கேட்பார்கள். ராணுவத்துக்காக அவன் உழைக்கும் பத்து மாதம் இங்கேயும் உதவும். பிளஸ் டூவை மட்டும் பாதியில் விடக் கூடாது. ட்ரயல்ஸில் தேறினாலும் எழுத்துத் தேர்வு இருக்கிறது.

இளையவனைப் பற்றி வாசலில் நின்று கேட்டீர்கள். அவனுக்கு 11 வயதுதானே, ராணுவத்தின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிக்குச் சரியான வயது. 8 முதல் 14 வயதுக்குள் எடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, வயது வந்ததும் தகுதி இருந்தால் ராணுவத்தில் சேரலாம். ஒவ்வொரு மையத்திலும் விளையாட்டுகள் வேறு, அறிவிப்பு வரும்போது ஃபுட்பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் 11 வயதில் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி அம்மாவைத் தேடுகிற பிள்ளையா, தானே சமாளிக்கிற பிள்ளையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். தம்பியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், எல்லா விளையாட்டுச் சான்றிதழ்களின் அசலும் வேண்டும். கோச்சையும் முடிந்தால் கூட்டிவாருங்கள். மாநில அணித் தேர்வு எந்த மாதம், எங்கே என்று அவரிடம் கேட்டுத் தேதி போட்டு எழுதிக்கொள்ளலாம்.