ரோட்டை உயர்த்தினால் வீட்டையும் உயர்த்த வேண்டுமா?

கேள்வி: புதுச்சேரி நேரு வீதிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முன்பக்கம் அப்பா காலத்து நாட்டு மருந்துக் கடை, பின்னால் முற்றம் வைத்த குடியிருப்பு. சின்ன வயதில் மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது. இப்போது வீதியைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், புது வாய்க்காலும் நடைபாதையும் வருமாம். அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயலன்று முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது; சுக்கு, கடுக்காய் மூட்டைகள் எல்லாம் வீணாகிவிட்டன. கடைத் தரையை ஒன்றரை அடி உயர்த்தச் சொல்கிறார் கொத்தனார். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? திண்ணையை இடித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். வீதி வேலை முடியும்வரை தரையில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். புது வீதியின் மட்டம் என்னவென்று தெரியாமல் தரையை உயர்த்தினால், அடுத்த முறை தார் போடும்போது இதே கேள்வி திரும்ப வரும்.

அந்த இரண்டு படிகளை விழுங்கியது தார்தான். மேலே போடும் தார் அடுக்கு ஒவ்வொரு முறையும் 3, 4 செ.மீ. இருக்கும். அதற்கு அடியில் கனமான அடுக்கும் சேர்த்துப் போட்டால் 9, 10 செ.மீ. வரை போகும். ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. பழைய தாரைச் சுரண்டாமல் நாலு தடவை போட்டால் ஒரு படி காலி. இதற்கு மருந்து மில்லிங், அதாவது பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதைப் போடுவது. தமிழ்நாட்டில் 2021-இல் தலைமைச் செயலாளரே சாலைகளை இப்படிச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். உங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தால் அதைக் காட்டியே கேட்டுவிடலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்த அறிவுறுத்தல் இங்கே கட்டாயம் ஆகாது. ஆனாலும் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் மனுவில் முன்னுதாரணமாகத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

முதலில் அளவு எடுங்கள். கொத்தனாரிடம் டியூப் மட்டம், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், இருக்கும். திண்ணையின் மேல்தளத்தை ஆதாரமாக வைத்து, அங்கிருந்து வீதியின் நடுப்பகுதி, ஓரம், இப்போதுள்ள வாய்க்காலின் அடி, முற்றத்துத் தரை என நாலு இடத்தின் இறக்கத்தையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டேப் தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். அக்கம்பக்கத்தில் பத்து வீடுகள் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு தெருவில் வேலை முடிந்த பிறகு எல்லோரும் சண்டைக்குப் போனார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று ஒருவரிடமும் எழுத்தில் இல்லை. மழைத் தண்ணீர் இன்றுவரை அந்த வீடுகளுக்குள்தான் வடிகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்தது ஜலதாரை. உங்கள் கேள்வியில் இந்த வார்த்தையே இல்லை, ஆனால் முற்றத்தில் தண்ணீர் நின்றதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். பழைய தமிழ் வீடுகளில் முற்றத்துத் தண்ணீர் தரைக்கு அடியிலேயே ஓடி, ஜலதாரை வழியாக வீதி வாய்க்காலில் விழும். வீட்டைக் கட்டியவர்கள் வாய்க்கால் எவ்வளவு தாழ்வாக இருந்தது என்று பார்த்துத்தான் அந்தச் சரிவை வைத்தார்கள். வீதியோடு சேர்த்து வாய்க்காலின் அடியும் உயர்ந்துவிட்டால் தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும். கடைத் தரையை ஒன்றரை அடி உயர்த்தினால் மூட்டைகள் தப்பிக்கும், ஆனால் முற்றம் குளமாகி, பின்கட்டில் படுத்திருப்பவர்கள் நனைவார்கள். ஆகவே அதிகாரிகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரோட்டின் உயரத்தைப் பற்றியதல்ல. புது வாய்க்காலின் அடி என் ஜலதாரையின் வாய்க்கு எவ்வளவு கீழே இருக்கும், அது எந்த வாய்க்காலில் போய்ச் சேரும் என்று கேளுங்கள். பெரிய வாய்க்காலோ உப்பனாறு வாய்க்காலோ நிரம்பி நிற்கும்போது தெருவில் எவ்வளவு நல்ல வாய்க்கால் கட்டினாலும் தண்ணீர் நகராது.

அந்த நாளுக்காக ஜலதாரையின் வாயில் ஒரு வால்வு போடுங்கள். பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்பார்கள். தண்ணீரை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. ஆனால் அது மூடிக்கொண்டால் முற்றத்தில் விழும் மழை எங்கே போகும்? ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. முற்றத்தைப் பார்த்துச் சரிந்த கூரை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24,000 லிட்டர், அதாவது இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். பின்கட்டில் பழைய கிணறு இருந்தால் கூரைத் தண்ணீரை மணல், ஜல்லி போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். மிஞ்சுவதற்கு ஒரு சின்னத் தொட்டியும் மோட்டாரும் போதும். மழை நேரத்தில் மின்சாரம் போய்விடும், அதனால் இன்வெர்ட்டரில் ஓடக்கூடிய மோட்டாராகப் பாருங்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். நம் தமிழ்ப் பகுதி வீதிகளில் பழைய வீடுகள் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரில் ஒட்டி நிற்கும். உங்கள் வீட்டை மட்டும் தூக்கினால் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர், மரத்தூலத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் எனக்கு இன்னும் பயம். அப்புறம், ஈரம் ஏறிய சுவரில் சிமென்ட் பூச வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், உப்புப் பூத்துக் காரை உதிரும். சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். மருந்து மூட்டைகளை இப்போதைக்கு இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். தரையை உயர்த்துவதைவிடச் செலவு குறைவு.

திண்ணை விஷயத்துக்கு வருவோம். அது உங்கள் பத்திர எல்லைக்குள் இருந்தால் யாரும் சும்மா இடித்துவிட முடியாது. நில அளவைத் துறையில் பணம் கட்டி எல்லையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டி வீதிக்குள் நீண்ட படியும், தாழ்வாரத் தூணும் வேறு கதை. அவற்றைக் காப்பாற்றச் சட்டத்தைவிடப் பேச்சுவார்த்தைதான் உதவும். வைசியாள் வீதியில் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு பழைய முகப்புகளைச் சீரமைத்தபோது திண்ணையையும் தாழ்வாரத்தையும் தெருவின் அழகாகவே பார்த்தார்கள். அந்த வீதியின் படங்களை மனுவோடு இணையுங்கள். இன்டாக் புதுச்சேரிக் கிளைக்கும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

மனுவைச் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள், முத்திரையோடு நகல் வாங்குங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் வீதியின் நீளவெட்டு வரைபடத்தையும் (வீதி நெடுக எங்கே எவ்வளவு உயரம் என்று காட்டுவது) வாய்க்கால் மட்டங்களையும் கேளுங்கள். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி அரசு வேலையை நேரில் பார்வையிடவும், சான்றளித்த பொருள் மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாய்க்காலுக்குத் தளம் போடும் அன்று டியூப் மட்டத்தோடு போய் நில்லுங்கள். காங்கிரீட் இறுகுவதற்குள் சொன்னால் சரிசெய்துவிடலாம்.

ஐப்பசி மழைக்கு முன் வால்வையும் தொட்டியையும் முடித்துவிடுங்கள். புது வீதியில் ஒரு மழைக்காலம் போகட்டும். அதன் பிறகும் கடைக்குள் தண்ணீர் வந்தால், எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். எவ்வளவு உயர்த்துவது என்று அப்போது பேசுவோம்.