ஐரிஷ் காபியும் வீட்டு வழக்கமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அயர்லாந்தில் படித்துத் திரும்பிய என் மகன், மார்கழிக் குளிரில் ஓர் இரவு, சூடான காபியில் விஸ்கி சேர்த்து மேலே க்ரீம் மிதக்கவிடும் ஐரிஷ் காபி தயாரித்துக் கொடுத்தான். ஆண்டுதோறும் இதை வீட்டு வழக்கமாக்கிவிடலாம் என்கிறார்கள் என் கணவரும் கொழுந்தனாரும். வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் தாயாரும், பள்ளியில் படிக்கும் கொழுந்தனாரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காபியின் சூட்டில் மது ஆவியாகிவிடும், எல்லோரும் குடிக்கலாம் என்பது சரியா? மகன் ஊற்றினால் மேலே நிற்கும் க்ரீம், நாங்கள் ஊற்றினால் ஏன் கலங்கிப்போகிறது?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மது ஆவியாகிவிடும் என்பது சரியன்று. ஒரு கோப்பைக்குச் சேர்க்கும் விஸ்கி 50 மி.லி.; அதில் 40 சதவீதம் மது என்றால் 20 மி.லி. தூய மது உள்ளே போகிறது. சூடான காபியில் ஊற்றிச் சில நிமிடங்களில் குடித்துவிடுவதால் அது ஏறக்குறைய முழுவதும் கோப்பையிலேயே இருக்கும். எனவே பிள்ளைகளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம்; தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டம் வைத்திருக்கும் வயது 21. சில நீரிழிவு மாத்திரைகளோடு மது சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், உங்கள் தாயாருக்கும் அது வேண்டாம்.

அதற்காக வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. 1940களின் தொடக்கத்தில், அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்து ஃபாய்ன்ஸ் என்னும் நீர்விமான நிலையத்தில், குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையற்காரர் உருவாக்கிய பானம் இது. 1952இல் இதைத் தம் கடையில் செய்து பார்த்த சான் பிரான்சிஸ்கோவின் புவனா விஸ்டா உணவகத்தாருக்கும் உங்களுடைய சிக்கலே வந்தது: க்ரீம் அடியில் போய்விட்டது. பால்பண்ணை நடத்தியவரும் பின்னாளில் அந்நகர மேயரானவருமான ஜார்ஜ் கிறிஸ்டோபரின் யோசனைப்படி, க்ரீமை 48 மணி நேரம் வைத்திருந்து பதமாக நுரைக்கச் செய்த பிறகே அது நின்றது என்று அந்தக் கடையின் வரலாறு சொல்கிறது.

க்ரீமின் கொழுப்பு நீரைவிட இலேசானது. அடிக்கும்போது புகும் காற்று அதை மேலும் இலேசாக்குகிறது. விஸ்கி காபியின் அடர்த்தியைக் குறைக்கிறது, கரைந்த சர்க்கரை அதைக் கூட்டுகிறது. ஆகவே சர்க்கரையைக் குறைத்தால் க்ரீம் இறங்கத் தொடங்கும். கடைகளில் ஃப்ரெஷ் க்ரீம் என்று கிடைப்பதில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பே இருப்பதால் நுரை நிற்காது; 35 சதவீதம் உள்ளதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குலுக்குங்கள். கெட்டியாகிவிடக் கூடாது, மெல்ல வழிய வேண்டும். என் கணிப்பில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கண்ணாடிக் கோப்பையை வெந்நீரால் சூடாக்கி, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி போட்டு, சிக்கரி கலக்காத தூளில் இறக்கிய டிகாக்‌ஷனை வெந்நீர் சேர்த்து 120 மி.லி. ஊற்றிக் கரைத்து, விஸ்கியைச் சேர்த்த பிறகு, கரண்டியின் முதுகில் க்ரீமை மெதுவாக வழியவிடுங்கள். பிறகு கலக்காமல், குளிர்ந்த க்ரீமின் ஊடாகச் சூடான காபியைப் பருக வேண்டும். ஆனைமலையிலும் சேர்வராயன் மலையிலும் விளையும் அராபிகா இதற்கு மிகவும் பொருந்தும்.

விஸ்கியைப் பெரியவர்கள் தத்தம் கோப்பையில் மட்டும் ஊற்றிக்கொள்ளட்டும். காபிப் போசியில் கலக்கவே கூடாது. விஸ்கி இல்லாத கோப்பையில் க்ரீம் இன்னும் எளிதாக நிற்கும் என்பதால், உங்கள் தாயாருக்குச் சர்க்கரை இல்லாமலே செய்து கொடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபியின் மேல் அதே க்ரீமை வழியவிட்டுப் பாருங்கள். கருப்பட்டியின் அடர்த்தி க்ரீமைத் தாங்கும், இரவில் தூக்கமும் கெடாது. குப்பியைக் குலுக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள். வீட்டு வழக்கம் பிள்ளைகளின் கைவேலையாக ஒட்டிக்கொண்டால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஐரிஷ் விஸ்கிக்குப் பதிலாகப் பிராந்தி ஊற்றலாமா?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஊற்றலாம், க்ரீமும் நிற்கும், சுவைதான் வேறாகிவிடும். அயர்லாந்துச் சட்டப்படி மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஊறிய தானிய மது ஐரிஷ் விஸ்கி. அதன் மென்மை காபியின் கசப்போடு இணங்கிப்போவதைப் போலப் பிராந்தியின் பழவாடை இணங்குவதில்லை.