கேள்வி-பதில்: ஜியு-ஜிட்சு போட்டிக்குப் பணம் கட்டும் முன்

எதிராளியைப் பிடித்து மடக்கும் தற்காப்புக்கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வார இறுதிப் போட்டிகள் பெருகியிருக்கின்றன. கூடவே ‘கி’ எனப்படும் சட்டை-பேன்ட் உடை, எண்ட்ரி ஃபீஸ், பயணம் என்று பணம் போகும் வழிகளும் பெருகிவிட்டன. அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நான் சொல்லும் அளவுகள் ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளிலிருந்து எடுத்தவை. வட்டாரப் போட்டிகள் பலவும் அவற்றைத்தான் தழுவுகின்றன. உங்கள் போட்டியின் நோட்டீஸில் வேறு மாதிரி இருந்தால், அங்கே அதுதான் செல்லும்.

சாம்பல் நிறத்தில் அழகான கி ஒன்று வாங்கினேன், 6,800 ரூபாய். போட்டியன்று உடைச் சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். — வி., ஓசூர்

மறுக்கத்தான் செய்வார். நீங்கள் சாம்பல் நிறம் கேட்டீர்கள், அவர் சாம்பல் நிறம் கொடுத்தார். போட்டிக்கு வெள்ளை, கறுப்பு, ராயல் ப்ளூ மூன்று மட்டுமே, சட்டையும் பேன்ட்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘முன்பே சுருக்கப்பட்ட துணி’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் ஏ2 அளவு கி வாங்கினேன். ஒரே சலவையில் கை ஏறிவிட்டது. ‘துவைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். அடுத்த மாதம் எனக்கு முதல் போட்டி. — ச., கோயம்புத்தூர்

உங்கள் பக்கம்தான் நியாயம். துவைத்தால்தான் தெரியும் குறையை, துவைத்ததையே காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதை ஏற்கவே முடியாது.

என் மகனுக்கு நான் வாங்கிய முதல் உடையும் இப்படித்தான் இருந்தது. விளம்பரத்தில் இதே வாசகம். குளிர்ந்த தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போட்டும், கையை நேராக நீட்டினால் மணிக்கட்டுக்கும் துணி விளிம்புக்கும் நடுவே என் நான்கு விரலும் தாராளமாக அடங்கின. அக்குளில் முக்கோண ஒட்டுத்துணி வைத்துத் தைத்த இடம் சுருங்கி இழுத்ததில் தோளே தூக்கிக்கொண்டு நின்றது. விதிப்படி, கையை நீட்டி நிற்கும்போது சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. பேன்ட் கணுக்கால் எலும்பிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. கையின் வாய் 7 செ.மீ. விரிய வேண்டும். இதைச் சோதிக்க நடுவர்கள் தனியாக ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள், அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை.

இனிச் செய்ய வேண்டியது: அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். உடையைப் போட்டுக்கொண்டு, கை நீட்டி, டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். அவர்களுடைய அளவு அட்டவணையையும் சேர்த்துப் புகாரை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் வாதம் செய்ய வேண்டாம். 2020-இன் இ-காமர்ஸ் விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915-க்குக் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம்.

போட்டிக்கு அதுவரை காத்திருக்க முடியாது. கோச்சிடமோ கூடப் பயில்பவரிடமோ ஓர் உடை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அடுத்த முறை உயரத்தை மட்டும் பார்த்து அளவு தேர்ந்தெடுக்காதீர்கள். துவைத்த பிறகு கையின் நீளம் எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

நான் சரியாக 69 கிலோ. 70 கிலோ பிரிவில் சேர்ந்தேன். அங்கே தராசு 70.9 காட்டியது, நீக்கிவிட்டார்கள். வீட்டுத் தராசில் காலையில்கூட 69. அவர்கள் தராசு மோசடி என்று புகார் கொடுக்கலாமா? — ரா., சேலம்

கொடுக்க வேண்டாம். வீட்டில் எதைப் போட்டுக்கொண்டு எடை பார்த்தீர்கள்? கி போட்டிகளில் உடையோடும் பெல்ட்டோடும்தான் தராசில் ஏற வேண்டும். அந்த 70 கிலோ உடையையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. கி இல்லாத போட்டியில் இதே பிரிவின் வரம்பு 67.5 கிலோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும். கனமான நெசவில் ஓர் உடை இரண்டு கிலோவை நெருங்கும். தராசில் ஏறுவது ஒரே முறைதான், கிராம் கணக்கில்கூடச் சலுகை கிடையாது. 69-க்கு மேல் அங்கே காட்டிய 1.9 கிலோ உங்கள் உடையின் எடைதான், அந்தத் தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எண்ட்ரி ஃபீஸ் திரும்பாது.

விதிநூல் இலவசமாகக் கிடைக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதில் எடை, உடை பற்றிய பக்கங்களையாவது படியுங்கள். இதே தவறைச் சொல்லி இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

என் ஜிம்மில் ஒருவர், போட்டிக்கு முந்தின நாள் மூன்று கிலோ இறங்கும் என்று ‘வாட்டர் கட்’ மாத்திரையும் ரப்பர் சூட்டும் சேர்த்து 2,500-க்குத் தருகிறார். விலை சரியா? — பெயர் வேண்டாம், திருச்சி

தம்பி, விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வாங்காதே. அது சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதே குற்றம். உடம்பில் தண்ணீரோடு பொட்டாசியமும் போய்விடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலிலும் இந்த வகை மருந்துகள் இருக்கின்றன. 1997-இன் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், ரப்பர் சூட் போட்டுச் சூடான அறையில் பயிற்சி செய்து எடை குறைக்கும்போது, சுமார் ஒரு மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே அந்த சூட்டையும் அந்த மாத்திரைகளையும் தடை செய்தார்கள். இன்னொன்று, ஜியு-ஜிட்சுவில் எடை பார்ப்பது பெரும்பாலும் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான். இழந்த தண்ணீரைத் திரும்பக் குடித்துத் தேற நேரமே இருக்காது. ஒரு பிரிவு மேலே போய் விளையாடு. விற்பவரைப் பற்றி கோச்சிடம் சொல்.

மதுரையிலிருந்து பெங்களூருக்கு என் மகளைப் போட்டிக்கு அழைத்துப் போனேன். எண்ட்ரி ஃபீஸ் 3,000. ரயில், லாட்ஜ் தனி. காலை எட்டு மணி முதல் உட்கார்ந்திருந்தோம். மதியம் கூப்பிட்டு, ‘இந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை’ என்று தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். குழந்தை வழியெல்லாம் பேசவில்லை. பணத்தைக் கேட்டால் ‘நோ ரீஃபண்ட், விண்ணப்பத்திலேயே இருக்கிறது’ என்கிறார்கள். இது நியாயமா ஐயா? — த., மதுரை

நியாயமே இல்லை அம்மா. எனக்கு நெடுநாளாகக் கோபம் வரும் விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் காசு கொடுத்தது பதக்கத்துக்கு இல்லை, ஆட்டத்துக்கு. மாதக்கணக்கில் பயிற்சி செய்த குழந்தைக்கு, தனக்குச் சமமான இன்னொரு குழந்தையோடு சில நிமிடம் மோதிப் பார்க்கும் வாய்ப்பைத் தருவதாகச் சொல்லித்தான் அந்த 3,000-ஐ வாங்கினார்கள். அதைத் தரவில்லை.

இப்படி ஏன் நடக்கிறது என்றால், பிரிவுகளின் எண்ணிக்கை அப்படி. பெரியவர்களில் ஆண்களுக்கு மட்டும் ஒன்பது எடைகள், தேர்ச்சியைக் காட்டும் ஐந்து பெல்ட்கள், அங்கேயே 45 பிரிவுகள். பெண்களுக்கு எட்டு எடை, இன்னொரு 40. இதற்கு மேல் முப்பது வயது தாண்டியவர்களுக்கு மாஸ்டர் ஒன்று முதல் ஏழு வரை வயதுப் பிரிவுகள். குழந்தைகளுக்கு வயது, எடை, பெல்ட் நிறம் என்று மூன்று வடிகட்டிகள். ஆயிரக்கணக்கானோர் வரும் பெரிய போட்டிக்காகப் போட்ட கட்டம் இது. இருநூறு பேர் வரும் போட்டிக்கு இதை அப்படியே எடுத்துவைத்தால் பாதிக் கட்டங்களில் ஆளே இருக்காது, பல கட்டங்களில் ஒரே ஆள் இருப்பார். பெண் குழந்தைகள் பிரிவில்தான் இது அதிகம் நடக்கிறது. போட்டி நடத்துபவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பதிவு முடிகிற அன்றே, எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. அன்றே உங்களுக்கு ஒரு போன் செய்து, ‘எதிராளி இல்லை, பணத்தைத் திருப்பித் தரட்டுமா, பக்கத்துப் பிரிவில் சேர்க்கட்டுமா’ என்று கேட்டிருந்தால் ரயில் டிக்கெட்டாவது மிச்சமாகியிருக்கும். கேட்காததற்குக் காரணம், கேட்டால் 3,000 போய்விடும் என்பதுதான். பதக்கத்தின் அடக்க விலை அதைவிட எவ்வளவோ குறைவு.

இதைவிட மோசம், அந்த இடத்திலேயே பிரிவுகளைச் சேர்ப்பது. பெற்றோரைக் கேட்காமல் 32 கிலோ குழந்தையை 40 கிலோ குழந்தையோடு நிறுத்துகிறார்கள். பக்கத்துப் பிரிவோடு சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லி, எடை வித்தியாசத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிச் சேர்க்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும்.

‘நோ ரீஃபண்ட்’ என்பது நீங்களாக விலகினால் பொருந்தும். அவர்கள் தருவதாகச் சொன்னதைத் தராமல் போனதற்கு அந்த வரி கவசமாகாது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குச் சேவைக் குறைபாடு என்று பெயர். பதிவு செய்த ரசீது, பட்டியல், ரயில் டிக்கெட், லாட்ஜ் பில் எல்லாவற்றையும் இணைத்து, பதினைந்து நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

அடுத்த போட்டிக்கு முன் போட்டி நடத்துபவரிடம் எழுத்தில் கேளுங்கள்: என் மகள் பிரிவில் இதுவரை எத்தனை பேர், யாரும் சேராவிட்டால் என்ன செய்வீர்கள், தோற்றால் வெளியே என்ற முறையா, எல்லோரோடும் எல்லோரும் ஆடும் முறையா? முதல் முறையில் ஒரு தோல்வியோடு நாள் முடிந்துவிடும். புதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டாவது முறைதான் கொடுத்த காசுக்குத் தகும். பதிவுப் பட்டியலை இணையத்தில் வெளியிடும் போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். மறைப்பவர்களிடம் போகாதீர்கள். உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு இணையதளத்தில் தள்ளுபடியில் கி வாங்கினேன். சுங்கத்தில் நிற்கிறது, பாகிஸ்தானில் தயாரானது என்கிறார்கள். கம்பெனி ஐரோப்பியக் கம்பெனிதானே? — மு., சென்னை

கம்பெனி எந்த ஊராக இருந்தாலும், தைத்த ஊர் எது என்றுதான் பார்ப்பார்கள். உலகத்துக்கான தற்காப்புக்கலை உடைகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகிறது. 2019-இல் அங்கிருந்து வரும் பொருளுக்கு 200 சதவீத வரி போட்டார்கள். 2025 மே மாதம் முதல் இறக்குமதிக்கே முழுத் தடை, வேறு நாடு வழியாக வந்தாலும் விடமாட்டார்கள். அந்தப் பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். விற்றவருக்கு எழுதுங்கள். கார்டில் கட்டியிருந்தால், பொருள் கைக்கு வரவில்லை என்று வங்கியில் புகார் போடுங்கள். எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பக்கத்தில் போடாதவர்களிடம் இனி வாங்கவே வாங்காதீர்கள்.

ப்ளூ பெல்ட் ஆன்லைனில் 450 ரூபாய்தான். வாங்கிக் கட்டிக்கொண்டு சேரலாமா? — கே., ஈரோடு

கூடாது. பெல்ட்டைக் கோச் தர வேண்டும்.

லண்டனில் இருக்கிறேன். போட்டிக்கு ஆன்லைனில் பணம் கட்டி ஐந்து நாள்தான் ஆகிறது. 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு என்று நண்பர் சொல்கிறார். அவர்கள் மறுக்கிறார்கள். — நி., ஹாரோ

நண்பர் சொல்வது துணிமணிக்குச் சரி, இதற்குச் சரியில்லை. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு, விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு அந்த 14 நாள் உரிமை இல்லை என்று 2013-இன் நுகர்வோர் ஒப்பந்த விதிகளிலேயே இருக்கிறது. அவர்களே போட்டியை ரத்து செய்தால் பணம் உங்களுடையது. இப்போதைக்கு, பெயர் மாற்றமோ பிரிவு மாற்றமோ எந்தத் தேதி வரை அனுமதிக்கிறார்கள் என்று பாருங்கள்.

முழங்காலுக்கு உள்ளே இரும்புத் தகடு வைத்த பிரேஸ், கவட்டுக்குப் பிளாஸ்டிக் கார்டு (காப்பு), பல்லுக்குக் கார்டு மூன்றும் 4,200-க்கு செட்டாக வாங்கினேன். போட்டிக்கு இவை போதுமா? — அ., வேலூர்

பல்லுக்கான கார்டை மட்டும் எடுத்துப் போங்கள். எதிராளிக்குக் காயம் செய்யக்கூடிய கடினமான எதையும் விடமாட்டார்கள், உங்களிடம் உள்ள மற்ற இரண்டும் அந்த வகைதான். பல் கார்டு சரியாகப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ‘உங்கள் பல்லுக்கே செய்தது’ என்று நல்ல விலைக்கு எனக்கு ஒன்றை விற்றார்கள். பிரித்தால், வெந்நீரில் போட்டுக் கடித்து நாமே வடிவம் எடுக்கும் சாதாரண ரகம்தான். அது முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதுவே போதும்.

பையன் வளர்ந்துகொண்டே இருக்கிறான். பழைய கி வாங்கலாமா? — லோ., தஞ்சாவூர்

தாராளமாக வாங்கலாம், வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும் என்பதால் அளவில் ஏமாற வழியில்லை. காலரை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே நைந்து பிரிந்திருக்கக் கூடாது. முழங்கால் துணியையும் பேன்ட்டின் கவட்டுத் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிசல் உள்ள உடையைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். முகர்ந்தும் பாருங்கள். ஈரத்தோடு பையில் கிடந்த புளிப்பு வாடை அடித்தால் வேண்டாம், படர்தாமரை இந்த விளையாட்டில் சுலபமாகத் தொற்றுகிறது. நன்றாக இருந்தால் புது விலையில் பாதி வரை கொடுக்கலாம், அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.