இசட்எஃப்எஸ்-க்கு எவ்வளவு ரேம்? மின்சாரம் போனால் என்ன ஆகும்? கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியும் 4 டிபி வட்டு இரண்டும் இருக்கின்றன. ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம் வேண்டும் என்கிறார்களே, இசட்எஃப்எஸ் (ZFS) ஃபைல் சிஸ்டம் ஓடுமா?

பதில்: தாராளமாக ஓடும். சும்மா கிடக்கும் ரேமை இசட்எஃப்எஸ் கேஷாக (தரவைக் கைவசம் வைக்கும் தற்காலிக இடமாக) எடுத்துக்கொள்ளும், அதைப் பார்த்துத்தான் பலரும் மிரள்கிறார்கள். வேண்டுமானால் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். ரேம் குறைந்தால் வேகம் குறையும், தரவு கெடாது.

ரேமை நிஜமாகவே விழுங்குவது டீடூப்ளிகேஷன், அதாவது ஒரே தரவு திரும்ப வந்தால் ஒரு பிரதியை மட்டும் வைக்கும் வசதி. ஒரு டிபி தரவை 128 கேபி துண்டுகளாகப் பிரித்தால் சுமார் 84 லட்சம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 320 பைட் குறிப்பு என்றால் இரண்டரை ஜிபி. துண்டு 8 கேபியாக இருந்தால் அதுவே 40 ஜிபி! டீடூப்ளிகேஷனைத் தொடாமல், தரவைச் சுருக்கும் எல்இசட்4 கம்ப்ரஷனைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: ஈசிசி ரேம் (பிட் பிழையைத் தானே திருத்தும் ரேம்) இல்லாமல் இசட்எஃப்எஸ் போட்டால் மொத்தத் தரவும் நாசமாகும் என்று படித்தேன்.

பதில்: வீண் பயம். ரேமிலேயே ஒரு பிட் புரண்டுவிட்டால் எந்த ஃபைல் சிஸ்டமும் அந்தத் தப்பான தரவைத்தான் எழுதும். இதில் இசட்எஃப்எஸ்-க்கு மட்டும் தனி ஆபத்து இல்லை. புதிதாக வாங்கினால் ஈசிசி வாங்குங்கள். இருக்கிற கணினி என்றால் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் வந்த பிறகு டேட்டாபேஸ் கெட்டுப்போனது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) இருந்தும் ஏன்?

பதில்: வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. உள்ளே இருக்கும் தரவுக்கு டேட்டாபேஸ்தான் பொறுப்பு. அது எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) செய்கிறது, கெர்னல் "உன் கேஷில் இருப்பதை எழுது" என்று வட்டுக்குச் சொல்கிறது. இதுவரை சரி. வட்டு எழுதாமலே "எழுதிவிட்டேன்" என்றால்? மேலே எந்த ஃபைல் சிஸ்டம் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. சர்வருக்கென்று வரும் எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர் வைப்பது இதற்குத்தான்: மின்சாரம் நின்றாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்க அந்தச் சொற்ப மின்சக்தி போதும். ரெய்டு கார்டு (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) இருந்தால் அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். செத்த பேட்டரியும், வட்டில் எழுதும் முன்பே முடிந்தது என்று சொல்லிவிடும் ரைட்-பேக் கேஷும் சேர்ந்தால் வினைதான்.

நானே ஒருமுறை வேகத்துக்கு ஆசைப்பட்டு எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை நோபேரியர் (கேஷை எழுதச் சொல்லும் கட்டளையை நிறுத்தும் ஆப்ஷன்) போட்டு மவுன்ட் செய்தேன். அந்த வாரமே மின்சாரம் போனது. ரிப்பேர் ஓட்டிய பிறகு லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டர் நிறைய, பெயர் போய் எண் மட்டுமே உள்ள ஃபைல்கள்தான் மிச்சம். அந்த ஆப்ஷனையே பின்னாளில் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்லது.

கேள்வி: பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ரெய்டு 5 (தரவோடு மீட்புக்கான பாரிட்டியையும் பல வட்டுகளில் பிரித்து எழுதும் முறை) போடலாமா?

பதில்: வேண்டாம். எழுதும்போது மின்சாரம் போனால் தரவும் பாரிட்டியும் ஒத்துப்போகாத சிக்கல் அதில் உண்டு, அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு வட்டில் எழுதும் முறை) என்றால் பயமில்லை.

கேள்வி: இசட்எஃப்எஸ்-க்கு எஸ்எம்ஆர் வட்டு (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் வட்டு) போடலாமா?

பதில்: கூடாது. ஒரு வட்டு போய் மாற்றும்போது ரீசில்வர் (புது வட்டில் தரவைத் திரும்ப நிரப்புவது) நாள்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: இதெல்லாம் வேண்டாம், ஒரே வட்டு, சின்ன வெப் சர்வர். எதைப் போட?

பதில்: ஈஎக்ஸ்டி4. எக்ஸ்எஃப்எஸ்-உம் நல்லதுதான், ஆனால் பெரிதாக்கலாமே தவிர நடைமுறையில் சுருக்க முடியாது. பார்ட்டிஷன் அளவை முதலிலேயே யோசித்துப் போடுங்கள்.