பால் ஆடு வளர்த்துக் கண்காட்சியில் காட்டுவதில் ஒரு பிள்ளை என்ன கற்கும்?

12 வயது மகள் பால் ஆடு வளர்த்து இளையோர் கண்காட்சியில் காட்ட ஆசைப்படுகிறாள், இதில் கற்க என்ன இருக்கிறது, படிப்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 13 வயதில் ஆரம்பித்து நான்கு வருடம் இதைச் செய்தேன், இப்போது என் அண்ணன் மகன் செய்கிறான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒரு ஆடு மட்டும் வாங்காதீர்கள். ஆடு கூட்டத்தோடு வாழும் பிராணி, தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் ஒழுங்காக எடுக்காது. பால் மறந்த இரண்டு பெட்டைக்குட்டிகள் போதும். சானென், ஆல்பைன், நூபியன் என்று எந்த இனமானாலும் சரி, இனத்தைவிட மந்தையின் ஆரோக்கியம் முக்கியம். சி.ஏ.இ. என்ற வைரஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்த மந்தையா என்று கேட்டு வாங்குங்கள். தாயின் சீம்பாலிலும் பாலிலும் குட்டிக்கு வரும் நோய் அது, வளர்ந்த பிறகு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போகலாம், குணப்படுத்த மருந்து கிடையாது.

சரி, கற்பது என்ன? என்னைக் கேட்டால், உள்ளதை உள்ளபடி பார்ப்பது. ஆட்டுக்கு வலி என்றால் வாய் திறந்து சொல்லாது. காலையில் தீனித் தொட்டிக்கு வந்ததா, படுத்து அசை போடுகிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றுப் புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். பால் கறக்கும் ஆடானால் முதல் பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பால் திரிந்து கட்டி கட்டியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் மடிநோயின் முதல் அடையாளம். இரண்டு மாதம் இதைச் செய்த பிள்ளை, ஆடு நடந்து வருவதைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடும். நோட்டில் தினமும் பால் அளவை எழுதச் சொல்லுங்கள், அளவு இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் காரணத்தைத் தேட வேண்டியது அவள் வேலை.

இதை நான் சுலபமாகக் கற்கவில்லை. இரண்டாவது வருடம் என் ஆடு முதல் ஈற்று ஈன்று நன்றாகப் பால் கொடுத்தது, மடி அழகு, நடை அழகு, ஆனால் உடம்பு ஒடுக்கம், விலா ஆழம் போதாது. கண்காட்சியன்று வயிறு நிறைந்து தெரியட்டும் என்று முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் தானியத்தை இரண்டு மூன்று மடங்கு போட்டேன். ஆட்டின் முதல் வயிறு நார்த் தீவனத்தைப் புளிக்க வைத்துச் செரிப்பதற்கானது, அதில் திடீரென்று மாவுச்சத்து நிறைய விழுந்தால் அமிலம் ஏறி உள்ளே இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ராத்திரியே தீனியை விட்டுவிட்டது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தலை தொங்கி நின்றது, அப்புறம் கழிச்சல். கால்நடை மருத்துவர் வந்து காப்பாற்றினார். கண்காட்சிக்குப் போகவில்லை. கண்காட்சியில் ஆட்டை எப்படி மதிப்பிடுவார்கள் என்று நாங்கள் படித்தது அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டையில். கறவை ஆட்டுக்கு அதில் 100க்கு மடிக்கு 35, பொதுத் தோற்றத்துக்கு 35, கறவைக்கேற்ற உடல்வாகுக்கு 20, விலா ஆழத்தைப் பார்க்கும் உடல் கொள்ளளவுக்கு 10. அந்த 10 மதிப்பெண்ணுக்காக ஆட்டைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த வருடம் அதே ஆட்டோடு போனேன். கண்காட்சியில் ஆட்டை மதிப்பிடாமல், அதைப் பிடித்திருக்கும் பிள்ளையை மதிப்பிடும் ஒரு போட்டி உண்டு, உங்கள் மகளை அதில் கட்டாயம் சேருங்கள், சுமாரான ஆடு வைத்திருக்கும் பிள்ளையும் அதில் ஜெயிக்கலாம். குளம்பு ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும், முன்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்கால்கள் சற்று அகட்டி நிற்க வேண்டும், ஆட்டுக்கு அந்தப் பக்கம் நடுவர் நின்றால் இந்தப் பக்கம் நாம். எல்லாவற்றையும் கவனித்துவிட்டு நடுவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உன் ஆட்டில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?" விலா ஆழம் என்றேன். அதனால் என்ன குறை என்று கேட்டார். நார்த் தீவனம் நிறைய எடுக்க இடம் குறைவு, பால் அதிகம் கொடுக்கும் காலத்தில் உடம்பு இளைக்கும், அதனால் விலா ஆழமான கிடாவோடு சேர்த்திருக்கிறோம் என்றேன். சொல்லும்போது ஆடு என் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அதன் குறையைச் சொல்லியும் அதன் மேல் இருந்த பிரியம் துளிகூடக் குறையவில்லை, எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும், ஆடு வாங்குவதற்கு முன்பே மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். குட்டி போட்டால்தான் பால். சினைக் காலம் சுமார் 150 நாள், பிறப்பதில் ஏறக்குறையப் பாதி கிடாக்குட்டி, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. அவை எங்கே போகும் என்பதை மறைத்து வைத்துக் கடைசி நாளில் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். சில குட்டி செத்தும் போகும். 12 வயதுக்கு இது தாங்கும், உண்மையைச் சொல்லியிருந்தால்.

படிப்பு பற்றி: குட்டிகள் மட்டும் இருக்கும்வரை காலையும் மாலையும் அரை மணி நேரம், கறவை வந்தால் இன்னும் கொஞ்சம். பரீட்சை நாளிலும் கறந்தாக வேண்டும், அன்றைக்கு மட்டும் நீங்கள் கறங்கள். மற்ற நாட்களில் அவள் தூங்குகிறாள் என்று பாவம் பார்த்து நீங்கள் போய்க் கறக்க ஆரம்பித்தால், ஒரு மாதத்தில் அது உங்கள் ஆடாகிவிடும்.